டிஷ்லர், இரண்டு பேருக்கு, ஜன்னலோரம்

டெஸ்பினாவின் குரல் மன்ஹாட்டனில் பாதிப் பேருக்குத் தெரியும். முகம் ஒருவருக்கும் தெரியாது. லெக்ஸிங்டன் அவென்யூவிலிருந்து கிழக்கே திரும்பினால் இருக்கும் பெல்வால் உணவகத்தில் தொலைபேசியில் மேஜை கொடுப்பது அவள் வேலை. வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டுவது என் வேலை. என் பெயர் நோரீன். நான் மேலே வாசலில், அவள் கீழே நிலவறையில். இரண்டு பேரும் குயின்ஸ் பக்கம் என்பதால் ரயிலில் சேர்ந்தே வருவோம், சேர்ந்தே போவோம்.

அவள் அறை நடைபாதைக்கு நேர் கீழே. தலைக்கு மேலே ஊதா நிறக் கண்ணாடிக் கட்டிகள் பதித்திருக்கும், அந்தக் காலத்தில் நிலவறைக்கு வெளிச்சம் வரட்டும் என்று வைத்தவை. அவற்றின் வழியே காலடி நிழல்கள் போய்க்கொண்டே இருக்கும். யார் என்று தெரியாது, எங்கே போகிறார்கள் என்றும் தெரியாது. அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பேசுவாள். பனி விழுகிற நாளில் கட்டிகள் ஒவ்வொன்றாக வெளுத்து, அறை முழுக்க ஒரு பால் வெளிச்சம் நிறைந்துவிடும். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்தால் இது நியூயார்க் என்பதே மறந்துபோகும். நானே கோட்டு மாட்டுவதை விட்டுவிட்டுக் கீழே போய்க் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

‘பெல்வால். எத்தனை பேருங்க?’ என்பாள். அவ்வளவுதான். அதிலேயே ஆண்கள் கவிழ்ந்துவிடுவார்கள். அப்படியொரு குரல். ஆயிரம் பேரை வேலைக்கு வைத்திருக்கிற முதலாளிகள் எல்லாம் அவளிடம் சனிக்கிழமை எட்டு மணிக்கு ஒரு மேஜை கேட்டுக் குழைவார்கள். வாசனைத் திரவியம் அனுப்புவார்கள், பூ அனுப்புவார்கள். ஒரு பல் டாக்டர் முகம் பார்க்காமலேயே கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்றார்.

‘உன்ன நேர்ல பாத்தா அந்த மனுஷன் உன்ன விட்டுட்டு ஃபோனக் கட்டிக்குவாருடீ’ என்றேன்.

‘கட்டிக்கட்டும். அதுவும் எதுத்துப் பேசாது’ என்றாள்.

அழகி இல்லை. ஐம்பதைத் தாண்டிய, குட்டையான, மூக்கு எடுப்பான கிரேக்கப் பெண். குயின்ஸில் அஸ்டோரியா என்கிற பகுதியில் அண்ணன் வீட்டு மாடியில் ஒற்றை அறை. கீழே குளிர் என்று கம்பளிக் காலுறையும் வீட்டுச் செருப்பும் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். மதியம் வீட்டிலிருந்து கொண்டுவந்த முட்டை சாண்ட்விச். தான் மேஜை கொடுக்கிற அந்தக் கூடத்தில் ஒருநாளும் அவள் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. விருந்தாளிகள் இருக்கும்போது கீழ்த்தளத்து ஆட்கள் மேலே வரக்கூடாது என்பது சட்டம். போட்டவன் அர்மான், கூடத்துக்குத் தலைவன். பிரெஞ்சுக்காரன் மாதிரி மூக்கால் பேசுவான். பிறந்து வளர்ந்தது எல்லாம் நியூ ஜெர்சி, எனக்குத் தெரியாதா!

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரே ராத்திரிக்கு மூன்று இடத்தில் மேஜை சொல்லிவைப்பார்கள். சாயங்காலம் நாக்கு எதைக் கேட்கிறதோ அங்கே போவார்கள். மற்ற இரண்டு இடத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கமாட்டார்கள். அதனால் எங்களுக்கும் ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. வரமாட்டார்கள் என்று தோன்றுகிறவர்களின் மேஜையை இன்னொருவருக்கும் கொடுத்துவிடுவோம். யார் வரமாட்டார்கள் என்று கண்டுபிடிப்பதில் டெஸ்பினா கெட்டிக்காரி. ‘கண்டிப்பா வருவோம்’னு அழுத்திச் சொல்றவன் வரமாட்டான் நோரீன், வர்றவன் கார் எங்க நிறுத்தறதுன்னு கேப்பான் என்பாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அந்தக் குளிர்காலத்தில்தான் டிஷ்லர் அழைக்க ஆரம்பித்தார். நேத்தன் டிஷ்லர், தையல் கம்பெனிகள் நிறைந்த கார்மென்ட் வட்டாரத்தில் பொத்தான் வியாபாரம் செய்து ஓய்ந்தவர். எங்களிடம் மேஜை கிடைப்பது குதிரைக்கொம்பு, முதல் தடவை கேட்கிறவர் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. ஆனால் அவர் எடுத்தவுடனே, ‘எப்படிம்மா இருக்கீங்க? குளிரு ஜாஸ்தியா இருக்கா அங்க?’ என்று கேட்டாராம். அத்தனை வருடத்தில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. அவள் ஒரு நிமிடம் மலைத்துப்போய், வியாழக்கிழமை ஏழு மணிக்கு ஜன்னலோர மேஜையைக் கொடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவரே அழைத்தார். மனைவி செல்மாவுக்கு உடம்பு முடியவில்லை, மருந்து ஏற்றியிருக்கிறார்கள், எழுந்திருக்க முடியவில்லை. ‘இந்த வாரம் வேண்டாம்மா. அடுத்த வாரம் போட்டுக்கலாமா? அவளுக்கு உங்க ஜன்னலோரம் உக்காந்து தெருவப் பாத்துக்கிட்டே சூப் குடிக்கணுமாம்.’

போட்டுக்கொண்டாள். அடுத்த வியாழனும் மூன்று மணிக்கு ரத்து. அதற்கடுத்த வியாழனும் அப்படியே. ஆனால் ரத்து செய்யுமுன் ஒவ்வொரு முறையும் அன்று என்ன சூப் என்று கேட்பார். இவள் சொல்வாள். ‘ஆஹா, செல்மா, வெங்காய சூப்பாம்!’ என்று அறைக்குள் பார்த்துக் கத்துவார். அந்தப் பக்கம் ஒரு பெண் சிரிப்பது லேசாகக் கேட்குமாம். அந்தச் சிரிப்பை வைத்து டெஸ்பினா அந்த வீட்டையே கட்டிவிட்டாள். படுக்கை ஜன்னல் பக்கம் இருக்கிறதாம், போர்வை பச்சையாம், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் ஆரஞ்சுத் தோல் காய்கிறதாம். ரயிலில் எனக்குச் சொல்லிக்கொண்டு வருவாள். இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்ததுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனாலும் தொழில் தொழில்தானே. எப்படியும் மூன்று மணிக்கு ரத்தாகப் போகிறது என்று தெரிந்த பிறகு, அவள் அந்த மேஜையை முன்கூட்டியே வேறு ஆளுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். மேலே அர்மானுக்கு அனுப்புகிற பட்டியலில் டிஷ்லர் என்ற பெயரையே எழுதுவதில்லை. எழுதி என்ன பிரயோசனம்? அவரிடம் மட்டும் ‘போட்டாச்சுங்க, ஜன்னலோரம், ரெண்டு பேர்’ என்பாள். நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். இந்த ஊரில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த எவளும் அதைத்தான் செய்வாள்.

பிப்ரவரி மாதம் ஒரு வியாழக்கிழமை. காலையிலிருந்து பனி. மதியம் நான் காபி கொண்டு கீழே போனபோது அறை வெள்ளையாய் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவள் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘மூணரை ஆச்சு. டிஷ்லர் கூப்பிடல.’

‘மறந்திருப்பாரு.’

‘அவரு மறக்க மாட்டாரு.’

‘அப்ப வர்றாங்க போல. நல்ல விஷயந்தானே?’ என்று சொல்லி முடித்தபிறகுதான் எனக்கே உறைத்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஜன்னலோர மேஜை அன்று கார்வின் என்கிற விளம்பரக் கம்பெனிக்காரருக்கு. ஏழு மணிக்குத்தான், அதே மேஜை.

அவள் டிஷ்லர் வீட்டுக்கு அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். பிறகு அன்றைக்குச் சொல்லிவைத்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து, ‘பனி கொட்டுதே, வருவீங்களா?’ என்று கேட்டாள். பனி விழுந்தால் பாதிப் பேர் வீட்டை விட்டுக் கிளம்பமாட்டார்கள், அது எங்களுக்கு வழக்கமான நஷ்டம். அன்று பார்த்து ஒவ்வொருத்தனும் ‘பனியில வர்றதுதானே அழகு!’ என்கிறான். நாசமாய்ப் போக. கார்வினின் காரியதரிசி, அவர் வெளியூர் ஆளோடு வருகிறார், ஒருக்காலும் மாற்ற முடியாது என்றாள்.

‘அர்மான்கிட்ட சொல்லேன்’ என்றேன்.

சொன்னாள். அங்கிருந்து அவன் கத்தியது ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. ‘இடம் இல்லன்னா இல்ல! மூலையில ஒரு ஸ்டூல் போடவும் இடம் இல்ல! எந்த டிஷ்லர்? நான் அந்தப் பேரையே கேட்டதில்ல!’

அவள் ரிசீவரை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். கட்டிகளின் மேல் பனி கனமாகப் படிந்து ஒரு நிழலும் தெரியவில்லை. ‘அவ சூப்ப நெனச்சுக்கிட்டே எழுந்து டிரெஸ் பண்ணியிருப்பா, நோரீன். இத்தன நாள் கழிச்சு முதல் தடவையா. நான் அவ நாற்காலிய வித்துட்டேன்’ என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

ஏழு அடிக்கக் கொஞ்சம் முன்னால் கார்வின் வந்து, கோட்டை என்னிடம் வீசாத குறையாகக் கொடுத்துவிட்டுப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவர் முன்னால் சூப் வந்து சேர்ந்தபோது, சரியாக ஏழுக்கு, கதவு மறுபடி திறந்தது. பனியோடு ஒரு ஜோடி. அவர் ஒல்லி, காது இரண்டும் சிவந்திருந்தன. அந்தம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வந்தார். தலைமுடி அன்றைக்குத்தான் புதிதாய்ச் சுருட்டி விட்டிருந்தது. உதட்டுச் சாயம் கோடு தவறாமல் பூசியிருந்தது. கண் மட்டும் முகத்துக்குப் பெரிதாக இருந்தது.

‘டிஷ்லர். ரெண்டு பேரு. ஜன்னலோரம்’ என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்தி. மாதக்கணக்காக அந்த வாக்கியத்தை வாசலில் நின்று சொல்லக் காத்திருந்த மனிதர்.

அர்மான் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தான். ‘மன்னிக்கணும் ஐயா. அப்படி எதுவும் இல்லையே.’

‘இல்லாம இருக்காது. வாரா வாரம் சொல்லுவேன். வியாழக்கெழம ஏழு மணி.’

‘வாரா வாரமா?’ அர்மான் மூக்கால் சிரித்தான். ‘நான் தினமும் இந்தப் பட்டியலப் பாக்கறவன் ஐயா. இந்த வாரம் மட்டுமில்ல, எந்த வாரமும் இந்தப் பேரு இதுல இருந்ததில்ல.’

டிஷ்லர் எட்டித் தானே பட்டியலைப் பார்த்தார். நான் அந்தம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ சிரித்தார். புருஷன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார்.

‘விடு நேத்தன். எனக்குத் தெரியும்.’

‘என்ன தெரியும்?’

‘அந்த ஃபோன்ல யாரும் இல்லன்னு தெரியும். என் தங்கச்சி ஒரு வருஷமா கேட்டு இங்க எடம் கெடைக்கல. பொத்தான் விக்கிறவனுக்கு வாரா வாரம் ஜன்னலோரம் குடுப்பாங்களா? நீ எனக்காகச் சும்மா பேசறேன்னு ரெண்டாவது வாரமே தெரிஞ்சுடுச்சு. அதான் இன்னிக்கு உன்ன ஃபோன் பக்கமே விடல. முடி சுருட்டிக்கணும்னு மத்தியானமே வெளிய இழுத்துட்டு வந்தேன். நீ எவ்வளவு தூரம் கூட வர்றேன்னு பாப்போம்னுதான். வாசல் வரைக்கும் வந்துட்டியே, அட மனுஷா!’

‘செல்மா, சத்தியமா...’

‘நல்ல பொய்டா நேத்தன். அந்தச் சூப்புங்கள நெனச்சுத்தான் நான் இந்தக் குளுரத் தாண்டினேன்’ என்று சொல்லிக்கொண்டே அந்தம்மா கோட்டின் மேல் பொத்தானை மறுபடி போட ஆரம்பித்தார்.

அந்த மனிதரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் உண்மை. அதை நிரூபிக்க அவரிடம் ஒன்றுமே இல்லை. என் பக்கத்திலிருந்த உள்தொலைபேசியை எடுத்தேன்.

‘டெஸ்பினா, மேல வா.’

‘நான் எப்படி மேல...’

‘செருப்போட இருந்தாலும் பரவால்ல, ஓடி வாடீ! அந்தாளு பொய்யனாகி நிக்கிறாரு!’

படியில் சரக் சரக்கென்று செருப்புச் சத்தம். கம்பளிக் காலுறை, பழைய ஸ்வெட்டர், மூக்கு நுனியில் கண்ணாடி. அர்மான் ‘நீ எங்க இங்க!’ என்று பல்லைக் கடித்தான். அவள் அவனைத் தாண்டி நேராக டிஷ்லர் முன்னால் போய் நின்றாள்.

‘மிஸ்டர் டிஷ்லர். ரெண்டு பேரு, ஜன்னலோரம். சரியான நேரத்துக்கு வந்திருக்கீங்க. குளிரு ஜாஸ்தியா இருக்கா வெளிய?’

அவர் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ‘இதுதான்! செல்மா, இந்தக் குரல்தான்! இவங்கதான்!’ என்று கிட்டத்தட்டக் கத்தினார். செல்மாவின் விரல் பொத்தானிலேயே நின்றுவிட்டது.

‘நோரீன், அம்மா கோட்ட வாங்கிக்கோ’ என்று சொல்லிவிட்டு டெஸ்பினா கூடத்துக்குள் நடந்தாள். இல்லாத மேஜைக்குக் கோட்டை வாங்கச் சொல்கிறாளே பாவி! ஆனாலும் வாங்கினேன்.

அவள் ஜன்னலோரம் போய் நின்றாள். கார்வின் சூப்பிலிருந்து தலையைத் தூக்கி, வீட்டுச் செருப்பைப் பார்த்து முகம் சுளித்தார்.

‘மிஸ்டர் கார்வின், நான் டெஸ்பினா.’

ஸ்பூன் கீழே விழுந்தது. ‘நீங்களா? அந்த... ஃபோன்ல...?’

பக்கத்து மேஜையில் பேச்சு நின்றது. அதற்கடுத்த மேஜையிலும் நின்றது. குரல் போகப் போகத் தலைகள் திரும்பின. ஒவ்வொருவரும் அந்தக் குரலைக் காதில் வைத்துக் கெஞ்சியவர்கள், நன்றி சொன்னவர்கள், கிடைக்காமல் திட்டியவர்கள். இப்போது அது ஒரு ஸ்வெட்டருக்குள்ளிருந்து வருகிறது. கூடமே ஏதோ கனவிலிருந்து விழித்த மாதிரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

‘இத்தன வருஷமா நீங்கல்லாம் என்கிட்ட மேஜ கேட்டீங்க. இன்னிக்கு நான் கேக்கறேன். இந்த மேஜ அதோ வாசல்ல நிக்கறவருக்குச் சொன்னது. உங்களுக்குக் குடுத்தது என் தப்பு, நூத்துக்கு நூறு என் தப்பு. இத எனக்குத் திருப்பிக் குடுங்க.’

கார்வின் வாசலில் நின்ற இருவரையும் பார்த்தார். தன் வெளியூர் ஆளைப் பார்த்தார். நல்ல மனசா, இல்லை இந்தக் குரலைப் பகைத்துக்கொண்டால் இனி எந்த ஜென்மத்தில் மேஜை கிடைக்கும் என்ற பயமா, எனக்குத் தெரியாது. எழுந்தார். ‘ஆனா நாங்க எங்கம்மா போறது?’

‘இங்க வாங்கய்யா’ என்றது ஒரு கிழவியின் குரல். நடு மேஜையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த வைரக் காதணிக்காரி. ‘நாங்க நகர்ந்துக்கறோம். உங்க சூப்பையும் தூக்கிட்டு வாங்க.’ மன்ஹாட்டனில் முன்பின் தெரியாத ஆளோடு ஒரே மேஜையில் சாப்பிடுவதா! பக்கத்து வீட்டுக்காரனை லிஃப்டில் பார்த்தால்கூடப் பேசாத ஊர் இது. அன்று நாற்காலிகள் நகர்ந்தன, கார்வின் தன் சூப்புக் கிண்ணத்தைத் தானே ஏந்திக்கொண்டு போனார். அர்மானுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்புறம் பிழைக்கத் தெரிந்தவன் மாதிரி ஓடிப்போய்ப் புது விரிப்பு விரித்தான்.

செல்மா ஜன்னலோரம் உட்கார்ந்தார். வெளியே தெருவிளக்கின் கீழ் பனி இறங்கிக்கொண்டிருந்தது. டாக்சிகள் சத்தமில்லாமல் மஞ்சள் மஞ்சளாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு டெஸ்பினாவின் கையைப் பிடித்து அருகில் இழுத்தார்.

‘ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அப்ப வாரா வாரம் இங்க எங்களுக்கு நெஜமாவே ஒரு மேஜ இருந்ததா? நான் படுத்துக் கெடந்தப்பல்லாம்?’

நான் அங்கேதான் தண்ணீர்க் கோப்பையோடு நின்றிருந்தேன், பார்க்காமல் இருக்க முடியாமல். டிஷ்லரும் அவள் முகத்தையே பார்த்தார்.

‘இருந்ததும்மா’ என்றாள் டெஸ்பினா. ‘வாரா வாரம். காலியாவே வச்சிருந்தோம்.’

செல்மா புருஷன் பக்கம் திரும்பினார். அவர் கன்னத்தைத் தடவினார், அவ்வளவுதான். டிஷ்லர் குனிந்து கைத்துவாலையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாதிக் கிண்ணம் சூப்தான் அந்தம்மாவால் குடிக்க முடிந்தது. அதை ரசித்து ரசித்துக் குடித்தார்.

அடுத்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு டிஷ்லர் அழைத்தார். செல்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. என்ன சூப் என்று கேட்டார். டெஸ்பினா சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டதாம். சாயங்காலம் ஏழு மணிக்குக் கூடம் பொங்கி வழிந்தது, வாசலில் ஆட்கள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். ஜன்னலோர மேஜை மட்டும் மெழுகுவர்த்தி ஏற்றி, இரண்டு கோப்பை வைத்து, காலியாக இருந்தது. அர்மான் தலையில் அடித்துக்கொண்டான். பட்டியலில் டிஷ்லர் என்று பெரிதாக எழுதியிருந்தது.

நான் ஓடிப்போய்க் கீழே எட்டிப் பார்த்தேன். ‘பைத்தியமாடீ உனக்கு? அவருதான் வரலன்னு சொல்லிட்டாரே!’

அவள் தலையைத் தூக்கவில்லை. முட்டை சாண்ட்விச்சைக் காகிதத்திலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள்.

‘காலியாவே வச்சிருந்தோம்னு அவகிட்ட சொல்லிட்டேன் நோரீன்’ என்றாள். ‘இனிமேலாவது அது நெஜமா இருக்கட்டும்.’